ஆறு பேர், ஒரு முகமூடி

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருந்தது. அதை அறை என்று சொன்னால் மற்ற அறைகள் கோபித்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்றால் தலை படியில் இடிக்கும். அதனால்தான் அங்கே வேலை பார்க்கிறவர் இருபத்தொன்பது வருடமாக உட்கார்ந்தே இருக்கிறார் என்று பக்கத்துப் பிரிவுக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவருக்கு மடல்காரர் என்று பெயர். வாரிய ஊழியர்களுக்கான மாதச் செய்திமடலை எழுதுவது, படம் எடுப்பது, பிழை பார்ப்பது, அச்சகத்துக்கு அனுப்புவது, வந்த கட்டுகளைப் பிரித்து நீரேற்று நிலையங்களுக்கெல்லாம் விநியோகிப்பது எல்லாமே அவர் ஒருவர்தான். வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையின் சாவியும் அவர் சட்டைப்பையில்தான் கிடக்கும். யாருக்கு மாற்றல், யாருக்கு ஓய்வு, யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் அவர் எழுதினால்தான் நாலாயிரம் பேருக்கும் தெரியவரும்.

அந்த மடலுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். மடல் மாதத்தின் முதல் தேதி எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்பது எப்போதோ இருந்த ஒரு மேலதிகாரியின் உத்தரவு. அச்சகத்துக்காரரோ பத்து நாள் அவகாசம் இல்லாமல் ஒரு தாளைக்கூடத் தொடமாட்டார். அப்படியானால் மாதக் கடைசியில் நடப்பதை எப்படிப் போடுவது? நடப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டியதுதான். இருபத்தெட்டாம் தேதி விழாவுக்குப் பதினெட்டாம் தேதியே 'இனிதே நடைபெற்றது' என்று எழுதி, படத்தையும் முன்னாலேயே எடுத்துவிடுவார் மடல்காரர். ஒரு வருடம் விளையாட்டு விழா அன்றைக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டி ஒரு பந்தயமும் நடக்கவில்லை. மடலிலோ கயிறு இழுக்கும் போட்டியில் கணக்குப் பிரிவு வெற்றி பெற்றிருந்தது. மேலிடம் என்ன செய்தது? அடுத்த மாதம் போட்டியை நடத்திக் கணக்குப் பிரிவை ஜெயிக்க வைத்தது. கணக்குப் பிரிவில் கயிற்றைத் தூக்கவே தெம்புள்ள ஆள் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லி மூன்று வருடம் சிரித்தார்கள்.

இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. நடக்கப்போவதைத்தானே எழுதுகிறோம், பத்து நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்பது மடல்காரரின் கட்சி. குடி முழுகத்தான் செய்தது. அவருடைய குடி இல்லை, அவ்வளவுதான்.

போன வருடம் பாதுகாப்பு வாரம் வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் அறை என்று ஒன்று இருக்கிறது. தண்ணீரில் கலக்கிற வாயு சிலிண்டரில் அடைத்து வரும். அதை மாற்றுகிற, திறக்கிற, மூடுகிற வேலைக்கு ஆறு பேர். கசிந்தால் நெஞ்சைப் பொசுக்கிவிடுகிற வாயு அது. அவர்களிடம் இருந்த முகமூடிகளின் ரப்பர் வெடித்துப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. புதிது கேட்டுக் கேட்டுக் களைத்த பிறகு ஒருவழியாக ஆறு முகமூடிக்கு உத்தரவு போனது. மாதிரிக்கு ஒன்று வந்தது. மீதி வெள்ளிக்கிழமை வந்துவிடும், நீங்கள் செய்தியை எழுதிவிடுங்கள் என்று தலைமைப் பொறியாளர் நடைபாதையில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மடல்காரர் கேமராவோடு போனார். இருந்த ஒரே முகமூடியை ஆறு பேரும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு மோப்பம் என்று பட்டப்பெயர். கசிவைக் கருவி காட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிற மூக்கு அவருக்கு. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள். மூஞ்சியே தெரியாத போட்டோவுக்கு எதற்கு வரிசையில் நிற்க வேண்டும், என்னை ஒருத்தனையே ஆறு தடவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பின்னால் நின்றவர்களைப் பார்த்து, எல்லாரும் இன்றைக்கு என் எச்சிலைத்தான் மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றார். மடல்காரருக்குக்கூடச் சிரிப்பு வந்து கை ஆடியது.

மடல் முதல் தேதி வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஆறு படங்கள், மேலே கொட்டை எழுத்தில் 'குளோரின் அறைப் பணியாளர் அனைவருக்கும் புதிய முகமூடிகள் வழங்கப்பட்டன'. வெள்ளிக்கிழமையும் வந்தது, முகமூடிகள் வரவில்லை. ஏதோ ஒரு தாளில் ஏதோ ஒரு கையெழுத்து இல்லையென்று உத்தரவு நின்றுபோனது. மாதிரியை ஸ்டோர்காரர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரம் வந்துவிடும், அடுத்த மாதம் வந்துவிடும் என்றார்கள். மடலில்தான் வந்துவிட்டதே, அப்புறம் யாருக்கு அவசரம்? மேலே யாராவது கேட்டால் இரண்டாம் பக்கத்தைக் காட்டினார்கள். மடல்காரரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிலிண்டர் மாற்றும்போது வால்வு பிடுங்கிக்கொண்டது. கூட இருந்தவர் வெளியே ஓடிவந்துவிட்டார். மோப்பமும் வெளியே வந்தார். காற்று ஊழியர் குடியிருப்புப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். வால்வை மூடிவிட்டார். அந்த வாசல்படியைத் தாண்டி நடந்து வர மட்டும் அவரால் முடியவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிவிட்டுப் போய்விட்டார்.

அஞ்சலிக் குறிப்பையும் மடல்காரர்தான் எழுதினார். எழுதுவதற்குள் அவருக்கு மூன்று தடவை கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் வேறு. விசாரணைக் குழு உட்கார்ந்தது. கோப்பில் முதல் ஆதாரமாக மடலின் இரண்டாம் பக்கத்தைக் கோத்திருந்தார்கள். முகமூடி கொடுத்திருக்கிறோம், மாட்டிக்கொண்டு போட்டோவுக்கே நின்றிருக்கிறார், வேலை நேரத்தில் மாட்டவில்லை, ஆகவே சொந்தக் கவனக்குறைவு. இதுதான் அவர்கள் போன வழி. கவனக்குறைவு என்று முடிவானால் மோப்பத்தின் மகளுக்கு அப்பாவின் இடத்தில் வேலை கிடையாது. குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும். மற்ற ஐந்து பேருக்கும் உண்மை தெரியும். ஆனால் அந்த ஐந்து பேரும் முகமூடியோடு மடலில் இருக்கிறார்களே, எதை வைத்து மறுப்பார்கள்? வாயைத் திறந்த ஒருவருக்கு மறுநாளே எங்கோ கோடியில் இருக்கிற நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் வந்தது. அந்த மாற்றல் அறிவிப்பையும் பலகையில் ஒட்டியது மடல்காரர்தான். அதைப் பார்த்த மற்ற நாலு பேரும் மோப்பத்தின் வீட்டுப் பக்கம்கூடப் போகவில்லை.

கடைசியில் அவரையே கூப்பிட்டார்கள். ஒரு தாள் நீட்டினார்கள். மடலில் வெளியான செய்தி உண்மை என்று உறுதியளிக்கிறேன் என்று ஒரே வரி. ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருந்தது. தலைமைப் பொறியாளர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். மாதா மாதம் அச்சகத்துக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கையெழுத்து. கை தானாகப் போய்விட்டது. கை தானாகப் போனது என்று அவர் வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அந்த அம்மாள் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து மோப்பத்தின் மனைவி படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றாள். கையில் மடலின் இரண்டாம் பக்கம். அதை நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். மடல்காரர் பாதி எழுந்து தலையை இடித்துக்கொண்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப்போகிறாள் என்று நினைத்தார். கேட்டுவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாக, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கச் சொன்னாள். வீட்டில் அவருக்கு நல்ல படமே இல்லையாம். கல்யாணத்தில் எடுத்தது ஒன்று. அதில் மீசைகூட முளைக்காத பையன் மாதிரி இருக்கிறார். வேலை உடுப்போடு இருப்பது இது ஒன்றுதான், இதில் முகம் தெரியவில்லை. அன்றைக்கு முகமூடி இல்லாமல் ஏதாவது எடுத்திருந்தால் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றார் மடல்காரர்.

அவள் எழுந்திருக்கவில்லை. உறைக்குள் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டிக்கிட்டுப் போட்டோவுக்கு நிக்கத் தெரிஞ்சுது அண்ணே. அன்னைக்கு மாட்டத் தெரியலையே இந்த மனுஷனுக்கு" என்றாள். "எல்லாத்துலயும் விளையாட்டு. வேலையப் பத்தி வீட்டுல ஒண்ணும் சொல்லவும் மாட்டாரு. எம்பொண்ணு கேக்குறா, அப்பாவுக்கு நம்ம நெனப்பே வரலையாம்மான்னு. நான் என்ன சொல்றது? எனக்கு அழுகையே வரல அண்ணே. ஆத்திரந்தான் வருது. காலைல எந்திரிச்சா அவர் சட்டையப் பாத்துத் திட்டுறேன். படுக்கப் போறப்பத் திட்டுறேன்."

மடல்காரர் மேசையில் இருந்த பழைய மடல்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போகவில்லை. பாதுகாப்பு வாரப் படங்களைக் கணினியில் திறந்தார். ஆறு பேர், ஆறு முகமூடி, மடலில் வந்தவை. அவற்றுக்கு நடுவே, மடலில் வராத ஒன்று. அவர் சிரித்ததில் கை ஆடிக் கொஞ்சம் கோணலாகிப்போன படம். மோப்பம் முகமூடியைக் கழற்றி அடுத்தவரிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார். நெற்றியில் ரப்பர் பட்டை அழுந்திய கோடு. வாயெல்லாம் சிரிப்பு. அடுத்தவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார். பின்னால் நாலு பேர் வெறுங்கையோடு தங்கள் முறைக்காக நிற்கிறார்கள். ஆறு பேரும் ஒரே படத்தில் இருக்கிறார்கள், முகமூடி ஒன்றே ஒன்றுதான்.

அவள் கேட்ட படம் இதுதான். கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் தெளிவாக இருக்கிறது. இதைக் கொடுத்தால் கூடவே எல்லாவற்றையும் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முகத்தை மட்டும் வெட்டிக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். வெட்டுவதற்கு அளவுகூடப் பார்த்துவிட்டார். பிறகு தன் மேலேயே அருவருப்பு வந்து கணினியை அணைத்தார்.

மாடிக்குப் போனார். தலைமைப் பொறியாளர் வழக்கத்துக்கு மாறாக அவரை உட்காரச் சொன்னார். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், திங்கட்கிழமை குழுவின் கடைசி அமர்வில் வந்து உண்மையைச் சொல்கிறேன், அடுத்த மடலில் ஒரு திருத்தமும் போட வேண்டும் என்று மடல்காரர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பொறியாளர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவரும் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பயந்த மனிதர், அவ்வளவுதான். பயந்தவர்கள் செய்கிற கெடுதல் கொஞ்சமா என்ன?

தனக்கு மட்டும் தூக்கம் வருகிறதா என்று கேட்டார் அவர். முகமூடி உத்தரவு ஏன் நின்றது என்று தோண்ட ஆரம்பித்தால் பத்துப் பேர் வேலை போகும், போனவர் திரும்பி வரப்போவதில்லை என்றார். கடைசியில் குரலை இறக்கி ஒன்று சொன்னார்.

"எழுதினது நீங்க. படம் எடுத்தது நீங்க. யார் எழுதச் சொன்னாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு இருந்தா காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்."

துண்டுச் சீட்டு ஏது? நடைபாதையில் போகிற போக்கில் சொன்னதுதானே. இருபத்தொன்பது வருடமாக எல்லாமே போகிற போக்கில் சொன்னதுதான். மடல்காரர் எழுந்தார். திங்கட்கிழமை போய்ச் சொன்னால் பழி தன் தலையில் மட்டும்தான் விடியும், பதினாலு மாதத்தை வீட்டில் உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான் என்பது அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. புரிந்த பிறகு ஏனோ கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

படத்தைப் பெரிதாக அச்செடுத்து, அலுவலகம் விட்டதும் குடியிருப்புக்கு நடந்தார். சுத்திகரிப்பு நிலையத்தின் மதிலை ஒட்டி வரிசையாக வீடுகள். கடைசிக்கு முந்தினது மோப்பத்தின் வீடு. முன்னறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. காலி செய்யச் சொல்லித் தாள் வருவதற்கு முன்பே மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். மகள் புத்தகங்களைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தாள். படிப்பு முடித்து ஒரு வருடம் ஆன பெண். ஆணியில் வேலைச் சட்டை தொங்கியது.

மடல்காரர் உட்காரவில்லை. படத்தை நீட்டினார். தாய் வாங்கிப் பார்த்தாள். சிரிக்கிற முகத்தைப் பார்த்ததும் அவள் முகமும் கொஞ்சம் இளகியது. "ஐயோ, இதேதான்" என்றாள். அவள் விரல் அவர் நெற்றிக் கோட்டின் மேல் போனது. மற்றதை அவள் பார்க்கவில்லை. பார்த்தது மகள்தான். அம்மாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து, பின்னால் நிற்கிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினாள்.

"மத்தவங்க முகமூடியெல்லாம் எங்க மாமா?" என்று கேட்டாள்.

மடல்காரர் சொன்னார். ஒன்றுதான் வந்தது, அதையும் ஸ்டோரில் பூட்டிவிட்டார்கள், மீதி வரவே இல்லை, வருவதற்கு முன்பே வந்ததாக எழுதியது நான், போன வாரம் அது உண்மை என்று கையெழுத்துப் போட்டதும் நான். எழுதிப் பழகிய ஆளாக இருந்தும் அவருக்கு வாக்கியங்கள் கோவையாக வரவில்லை. கடைசியில், அன்றைக்கு அவர் மாட்டிக்கொள்ள அங்கே எதுவுமே இல்லையம்மா என்று முடித்தார்.

மகளின் முகம் சிவந்துவிட்டது. இதை மடலில் திருத்தமாகப் போடுவீர்களா என்று கேட்டாள். போட விடமாட்டார்கள் என்றார்.

"வராததப் போட மட்டும் விட்டாங்களா?" என்றாள் அவள்.

மடல்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். படத்தைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கி, அட்டைப்பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தில் எழுதினார். இந்த ஆறு பேருக்கும் இருந்தது ஒரு முகமூடி. அதுவும் படம் எடுத்த பிறகு திரும்ப வாங்கப்பட்டது. வழங்கப்பட்டதாக நான் எழுதியது பொய். உறுதியளித்துக் கையெழுத்திட்டதும் பொய். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார், இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துத்தான் போட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை குழுவுக்கு முன்னால் நானும் வருகிறேன், இதை நீங்களே கொடுங்கள், நான் இல்லையென்று சொல்லமாட்டேன் என்றார். மகள் அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

தாய் படத்தைத் தரச் சொல்லி மகளிடம் கையை நீட்டினாள். பின்பக்கத்தைப் படிக்காமல் முன்பக்கத்தைத் திருப்பினாள்.

"இருந்திருந்தா மாட்டியிருப்பாருல்ல அண்ணே?"

"மாட்டியிருப்பாரும்மா. கண்டிப்பா மாட்டியிருப்பாரு."

அவள் தலையை ஆட்டினாள். ஆணியில் தொங்கிய சட்டையிடம் போய், அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். முதுகு குலுங்க ஆரம்பித்தது. ஐந்து வாரமாக வராத அழுகை அது. மகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"தினம் திட்டுனேனே" என்றாள் அவள், யாரிடம் என்று இல்லாமல். "ஆஸ்பத்திரிலயும் திட்டுனேன். பேச முடியாம என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. ஏன்யா மாட்டல, ஏன்யா மாட்டலன்னு மூணு நாளும் கேட்டேனே. இல்லவே இல்லன்னு சொல்லத்தான் அப்படிப் பாத்தாரா?"